அக்கா சொன்ன கலர்

அக்காவை வந்தவாசியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாமா கை நீட்டுகிறவர் அல்ல, குடியும் கிடையாது. அவர் நின்று பேசிச் சிரிக்காத கடை அந்த ஊரில் இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மாமாவுக்கு, அக்காவுக்கு வந்தாலும் தனக்கு வந்ததாகத்தான் தெரியும். அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது, பார்க்க வந்தவர்களிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் பட்ட கொசுக்கடியைச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்த அக்காவும் சொன்னாள், "அவருதாண்டா பாவம்."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அடியே விழாமலும் நகரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் மகள் கல்யாணத்தில் அவள் உடுத்தத் தாய்வீட்டுப் புடவை நான் செய்ய வேண்டும். ஆரணியில் தறி வைத்திருக்கிற நான் கடைக்குப் போய் எடுத்தால் சிரிப்பார்கள். நூலுக்குச் சாயம் போடுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என்ன கலர் என்று போனில் கேட்டேன். போனை மாமா வாங்கிக்கொண்டார்.

"நான் மெரூன் சட்டை போடறேன் மச்சான். அது எடுப்பா தெரியற மாதிரி அவளுக்கு சந்தனக் கலர் போட்டுடுங்க."

எனக்கு மனசு ஒப்பவில்லை. நீயே வந்து சொல் என்று அக்காவைச் சாயப் பட்டறைக்கு வரவழைத்தேன். சாயக்காரர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கலர் கேட்டார். அக்கா போனை எடுத்தாள். மாமா எடுக்கவில்லை.

உனக்குப் பிடித்ததைச் சொல் என்றேன்.

"எனக்குன்னு கேட்டா நான் இன்னாத்தடா சொல்றது?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"தண்ணி கொதிச்சிகினு கீதும்மா," என்றார் சாயக்காரர். "மாப்பிள்ளை பாக்கக்கூட இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டீங்க."

கொடியில் வேறு யாருக்கோ போட்ட வெங்காயச் சருகுக் கலர் நூல் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா போய்த் தொட்டாள். இது நல்லா இருக்கு என்றாள். உடனே, வேண்டாம், சந்தனமே இருக்கட்டும் என்றாள். நான் எதைச் சொல்லியிருந்தாலும் அதற்கும் தலையாட்டியிருப்பாள். கையை நூலிலிருந்து எடுக்காமலே நின்றவள், கடைசியில் சாயக்காரரிடம் தானே சொன்னாள்: "இதையே போடுங்க."

கல்யாணத்தில் புடவையைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம், தான்தான் செலக்ட் செய்ததாகச் சொன்னார் மாமா. பக்கத்தில் நின்ற அக்கா, சாம்பாரில் உப்பு குறைவு என்பதுபோலச் சொன்னாள்.

"இல்லீங்க. இது நான் சொன்ன கலர்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தாலி கட்டி முடிந்து குடும்பப் போட்டோவுக்கு ஆள் அனுப்பியும் வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அக்காதான் போய், தப்பு என் மேல்தான் என்று கெஞ்சி அழைத்து வருவாள். எங்களுக்கும் அது பழகிப்போயிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எடுங்க தம்பி," என்றாள் போட்டோக்காரரிடம்.