மூன்று மாடிக்கும் ஒரே பரீஹா

தாராவியில் பை பட்டறையில் ஜிப் தைக்கும் நஜ்முன்னிசா தன் மகளைப் பற்றிச் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம். எட்டு மாதத்திலேயே பால் பாக்கெட்டின் தேதியைப் பார்த்த பிறகுதான் பரீஹா வாய் திறந்தாளாம். அது தள்ளவேண்டிய பாதி. ஏழு வயதில் நான்காம் வகுப்புக் கணக்கைப் போட்டாள் என்பது நிஜம், தெருவே பார்த்தது.

பார்க்காதவர் இரண்டாம் வகுப்பு விஜயலட்சுமி டீச்சர் மட்டும். ஐந்தும் மூன்றும் எத்தனை என்று அவர் பலகையில் எழுதினால் பரீஹா ஜன்னலைப் பார்ப்பாள். நோட்டு வெள்ளையாகவே கிடக்கும்.

"கணக்கே ஏறல. மந்தம். திரும்பவும் ஒண்ணாம் வகுப்புல உட்காரட்டும். லெட்டர் எழுதி வச்சிருக்கேன்" என்றார் டீச்சர்.

நஜ்முன்னிசா வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தாள். "ஏட்டி, ஏன் எழுத மாட்டேங்கே?"

"அதைத்தான் போன வருஷமே எழுதிட்டேனே உம்மா."

அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் மாடி தமிழ், இரண்டாவது மராட்டி, மூன்றாவது உருது. மறுநாள் நஜ்முன்னிசா மகளிடம் இருப்பதிலேயே சின்ன பாட்டிலைக் கொடுத்தாள். "சலிச்சா தண்ணி புடிக்கப் போறேன்னுட்டு மேல ஏறிரு. யாரும் வெரட்ட மாட்டாவ."

விரட்டவில்லை. இருபது தலை இல்லாத வகுப்பை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. பரீஹாவை விட்டால் மூன்று மாடியிலும் இரண்டாம் வகுப்பில் பத்தொன்பது பத்தொன்பதே பேர். தானாக வந்து உட்காரும் பிள்ளையை யார் விடுவார்கள்? இரண்டே மாதத்தில் அந்த மந்தம் மராட்டியும் உருதுவும் வாசித்தது.

தலை எண்ண அதிகாரி வந்தார். மாடிக்கு மாடி டீ குடித்தார். அதனால் பரீஹாவுக்கு அவசரமே இல்லை. தமிழில் சிவப்பு ரிப்பன், மராட்டியில் ரிப்பன் இல்லை, உருதுவில் தலைமேல் துப்பட்டா. கடைசியில் அவர் அறுபது என்று எழுதியபோது எழுந்து நின்று இந்தியில் சொன்னாள்: "சார், ஐம்பத்தெட்டு. என்னையே மூணு தடவை எண்ணிட்டீங்க."

பின்னால் நின்ற மூன்று டீச்சர்களும் சுவரிலிருந்த தேசப்படத்தை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார்கள்.

நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஆபீஸ் மேஜையில், அதிகாரியின் டீ சாஸருக்கு அடியில், விஜயலட்சுமி டீச்சரின் லெட்டர்.

"கணக்கு ஏறாத புள்ளையா சார் உங்க கணக்கத் திருத்துச்சு?" என்றாள் நஜ்முன்னிசா. "நாலாம் வகுப்புல உக்கார வையுங்க. இல்லன்னா சொல்லிட்டேன், நாளையிலேர்ந்து அவ ஒரே எடத்துல அடக்கமா இருப்பா."

இப்படியொரு மிரட்டலை அந்தப் பள்ளிக்கூடம் கேட்டதில்லை. அதிகாரி யோசித்தார். அறுபதைத் திருத்தினால் மூன்று பிரதியும் புதிதாக எழுதவேண்டும். மதியச் சாப்பாடு வேறு ஆறிக்கொண்டிருந்தது. ரெஜிஸ்டரில் பரீஹா பெயருக்கு எதிரே "நாலாம் வகுப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அறுபதை அப்படியே விட்டு எழுந்து போனார்.

விஜயலட்சுமி டீச்சர் லெட்டரை நான்காகக் கிழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நஜ்முன்னிசா, மறுபடி எண்ண வர்ற அன்னைக்கு மட்டும் பாப்பா கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"பாட்டிலு இருக்குல்லா டீச்சர்" என்றாள் நஜ்முன்னிசா.