கிரைண்டர் கடைப் பாட்டு

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எனக்கு வேலை. காலையில் கடிகாரம் பார்க்கும் வழக்கமே கிடையாது. ரேடியோவில் ஒரு கிரைண்டர் கடையின் விளம்பரப் பாட்டு வரும்; உடனே அடுப்பை அணைத்துவிட்டு ஓடினால் பஸ் சரியாக இருக்கும்.

ஒரு வருஷம் ரேடியோ விளம்பரங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்தன. ஒருநாள் என் பாட்டும் வரவில்லை, பஸ் போய்விட்டது. மறுநாளும் அதே கதை. அன்று சாயங்காலமே டவுன்ஹால் பக்கம் இருந்த அந்தக் கடைக்குப் போய்விட்டேன்.

"ஏனுங்க, பாட்ட எதுக்குங்க நிறுத்திப்போட்டீங்க?"

முதலாளி சிரித்தார். "இப்பெல்லாம் கேபிள் டிவிலதானுங்க வெளம்பரம். ரேடியோவ யாரு அம்மணி கேக்கறாங்க?"

"நான் கேக்கறனுங்க. டிவியப் பாத்துட்டே சட்னி தாளிக்க முடியுங்களா?"

அவருக்கு அது உறைக்கவில்லை. அங்கேயே நின்று, ஆரம்பத்தில் வரும் கடகட சத்தத்திலிருந்து கடைசியில் வரும் கடை விலாசம் வரை பாடிக் காட்டினேன். கிரைண்டர் வாங்க வந்திருந்த ஒரு குடும்பமே பாதியில் சேர்ந்துகொண்டது.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம கிரைண்டரு ஊட்டுல நல்லா ஓடுதுங்களா?"

"எங்க ஊட்டுல இருக்கறது வேற கம்பெனிங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும். கிரைண்டர்தான் அவருடையது, பாட்டு என்னுடையது.

மறுநாள் காலை நானே அதை உரக்கப் பாடிவிட்டு அடுப்பை அணைத்தேன். அன்றைக்கும் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வரும்வரை ஸ்டாப்பில் நின்று இன்னொரு தடவை பாடினேன்.