சோறு வேண்டாம், கறி வையுங்க

மும்பை தாராவியில் நெல்லையப்பன் இட்லி என்றால் தெரியாதவர்கள் குறைவு. அந்த இட்லியை அவிப்பது நெல்லையப்பன் இல்லை, அவர் மனைவி மாரீஸ்வரி என்பதைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

பத்துக்குப் பத்து கோலி, ஒற்றை அறை வீடு. அதில் கிரைண்டர், அரிசி மூட்டை, மூன்று இட்லிக் கொப்பரைகள், போக மிச்ச இடத்தில் புருசனும் பெண்டாட்டியும். விடிவதற்குள் நானூறு இட்லி வெந்து இறங்கிவிடும். ஏழு மணிக்கு நெல்லையப்பன் பெரிய அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா பக்கம் போவார். பன்னிரண்டு மணிக்குத் திரும்புவார். பாத்திரத்தின் அடியில் விற்காமல் கிடப்பதுதான் மாரீஸ்வரியின் மதியச் சாப்பாடு. அதிலும் மிஞ்சியதை உதிர்த்துத் தாளித்தால் ராத்திரிச் சாப்பாடு. நெல்லையப்பனுக்குச் சோறும் மீன் குழம்பும் தனியாக வைப்பாள். குழம்புச் சட்டியில் ஏதாவது கிடந்தால் அதையும் இட்லியோடு தொட்டுக்கொள்வாள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. யாரும் அவளை அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை. வேண்டாமென்றும் யாரும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் கொப்பரை மூடியைத் திறக்கும்போது ஆவி அடித்து மணிக்கட்டு வெந்துபோனது. இட்லி அவிக்கிறவளுக்கு இது புதிதா என்ன? மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு அடுத்த ஈட்டை ஊற்றினாள். பத்து நாளில் ஆறவேண்டிய புண் ஒரு மாதமாகியும் ஈரமாகவே இருந்தது. எதிர்க்கோலி சுலைகாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சயானில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். சுலைகா கடையநல்லூர்க்காரி, தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை.

ரத்தத்தைச் சோதித்து வந்த சீட்டைப் பார்த்த டாக்டர், சின்ன வயது மராட்டிப் பெண், புருவத்தைத் தூக்கினாள். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மாத்திரை எழுதினாள். அரிசியைக் குறைக்க வேண்டும் என்று இந்தியில் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை இட்லி சாப்பிடுவீங்க?"

மாரீஸ்வரி விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "பாரா, தேரா" என்று பன்னிரண்டு பதிமூன்றை இந்தியில் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சுலைகா தன் தங்கச்சியைப் பற்றிச் சொன்னாள். ஊரில் இருக்கும் தங்கச்சிக்கும் சர்க்கரைதான். அவள் ஏதோ பேலியோ குரூப்பில் சேர்ந்து, அரிசி, கோதுமை, பருப்பு, சீனி எல்லாவற்றையும் விட்டுவிட்டாளாம். வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். விவசாயம் வருவதற்கு முன்னால் ஆதி மனிதர்கள் வேட்டையாடியும் பறித்தும் என்ன தின்றார்களோ, அதையே தின்ன வேண்டும். முட்டை, மீன், கறி, தேங்காய், அந்தந்தப் பருவத்துக் காய், கீரை.

"அப்போ அரிசியும் உளுந்தும் ஆகாதா?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

"ரெண்டுமே ஆகாதாம்க்கா."

"என் பொழப்பே ஆகாதுன்னு சொல்லுதா உன் தங்கச்சி."

இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மாரீஸ்வரி கேட்டாள்: "அந்தக் காலத்துல ஆம்பளையளுக்கு வச்சு மிஞ்சினதையா பொம்பளைய தின்னுருப்பாவ?"

சுலைகா அடுத்த மெசேஜைப் போட்டாள்.

மறுநாள் நெல்லையப்பன் கொண்டுவந்து வைத்த மிச்ச இட்லியை மாரீஸ்வரி தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனாள். நைன்டி ஃபீட் ரோட்டில் சாக்கு விரித்து உட்காரும் வந்தனாவிடம்தான் வழக்கமாகச் சட்னிக்குக் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் வாங்குவாள். கர்ஜத் பக்கத்திலிருந்து முதல் ரயிலில் காய் கொண்டுவருகிறவள் வந்தனா. அது குளிர்காலம். சாக்கு நிறைய வெந்தயக்கீரை, முள்ளங்கி அதன் இலையோடு, பச்சைப்பூண்டுத் தாள், புளிச்சக்கீரை. மாரீஸ்வரி எல்லாவற்றிலும் ஒரு கட்டு எடுத்தாள்.

"வீட்டில் விசேஷமா?" என்று கேட்டாள் வந்தனா.

"ஆமா, எனக்குத்தான்" என்றாள் மாரீஸ்வரி.

பச்சைப்பூண்டை அரிந்து தேங்காயெண்ணெயில் வதக்கி, வெந்தயக்கீரையைப் போட்டுப் பிரட்டி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். கோலியெல்லாம் மணந்தது. தட்டில் போட்டுக் கீழே உட்கார்ந்து, அவசரப்படாமல் தின்றாள். தனக்கென்று அடுப்புப் பற்றவைத்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சுலைகாவிடம் சொன்னாள்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. தலை வலித்தது. மாவு புளித்த வாசனைக்கே வாயில் எச்சில் ஊறியது. டாக்டரிடம் போய்ச் சொன்னாள். இப்படி ஒரேயடியாக எல்லாவற்றையும் விடுவது டாக்டருக்குப் பிடிக்கவில்லை. "மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்கணும். சம்மதமா?" என்றாள். மாரீஸ்வரி சம்மதித்தாள். இரண்டையும் தவறாமல் செய்தாள். தை பிறக்கையில் புண் காய்ந்து தோல் மூடியது. மூன்று மாதத்தில் சர்க்கரை பாதியாக இறங்கியது. மாத்திரை இருந்தது. அவளும் அந்தச் சாப்பாட்டை விடவில்லை.

நெல்லையப்பனுக்கு இது முதலில் கண்ணில் படவே இல்லை. பட்டபோது எரிச்சல் வந்தது.

"ஏட்டி, இட்லி விக்கிற வீட்டுல இட்லி திங்க மாட்டேன்னா என்ன அர்த்தம்?"

"சர்க்கரைன்னு அர்த்தம்."

"ரெண்டு தின்னா செத்தா போவ?"

"சாவேனா இல்லையான்னு தின்னு பாக்கச் சொல்லுதியளா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சித்திரையில் அம்மன் கொடைவிழா வந்தது. தாராவியில் இருக்கும் அவர்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எடுப்பது. கிடா வெட்டி, சந்தில் பந்தல் போட்டுக் கறிச்சோறு. முதல் பந்தி ஆண்களுக்கு. பெண்கள் பந்தி கடைசியில். அதற்குள் அண்டாவில் கறி தீர்ந்து குழம்பும் எலும்பும் நெஞ்செலும்புச் சில்லும்தான் இருக்கும். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. சோற்றைப் பிசைந்து குழம்பை ஊற்றி, கறி பிரமாதம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இந்த முறை மாரீஸ்வரி முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். பரிமாற வந்தவள் நெல்லையப்பனின் அண்ணன் மனைவி கோமதியம்மாள். கையில் சோற்றுக் கரண்டி.

"என்னட்டி, இங்க உக்காந்திருக்க?"

"பசிக்கு மைனி."

கோமதியம்மாள் கரண்டி நிறையச் சோற்றை அள்ளினாள். மாரீஸ்வரி இலைக்கு மேல் உள்ளங்கையை விரித்து மறைத்தாள்.

"சோறு வேண்டாம் மைனி. கறி வையுங்க."

"என்னது?"

"கறி. துண்டாப் பாத்து வையுங்க. குழம்பு வேண்டாம்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். "அம்மன் பிரசாதத்தை வேண்டாங்குதா பாரு" என்றது ஒரு குரல். கோமதியம்மாளின் முகம் சிவந்துவிட்டது. "ஆம்பளைய உக்காந்திருக்கும்போது கறியக் கேட்டு வாங்கித் திங்க, உனக்கு வெக்கமா இல்லையாட்டி?"

"அம்மனும் பொம்பளைதான மைனி? அவளுக்குத்தான மொதல்ல படைச்சோம்?"

நெல்லையப்பன் நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். "எந்திரி" என்றார். மாரீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. விரித்த கை அப்படியே இருந்தது. கொடைக்கு வரி பிரிக்கிற மகமைக்காரக் கிழவர் ஒருவர், பந்தி நின்றுபோன எரிச்சலில், "ஏ, கறியத்தான கேக்கா, வையிங்க. பின்னால ஆளு நிக்கி" என்று கத்தினார். கறி வாளி வந்தது. ஆறு துண்டு விழுந்தது. ஆறையும் மென்று தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. அவிக்கிறவளே அந்த இட்லியைத் தின்பதில்லை, மாவில் என்னமோ கலக்கிறாள். யார் கிளப்பினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. மாட்டுங்காவில் பத்து வருடமாக வாங்கிக்கொண்டிருந்த பேங்க்காரப் பெண்மணி சுஷ்மா நெல்லையப்பனிடமே கேட்டாள். "உங்க மிசஸ் இதைச் சாப்பிட மாட்டாங்களாமே?" அவர் விழித்தார். அந்த விழிப்பே போதுமாயிருந்தது. பாத்திரம் பாதியோடு திரும்பி வர ஆரம்பித்தது.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் சந்துல நாலு பேரு பாக்க ரெண்டு இட்லி தின்னுரு" என்றார் நெல்லையப்பன். குரல் இறங்கியிருந்தது.

"மாட்டேன்."

"அப்போ இந்த இருநூறு இட்லிய யாரு திங்க?"

"நீங்க தின்னுங்க."

வேறு வழியில்லாமல் தின்றார். மதியம் இட்லி, ராத்திரி தாளித்த இட்லி, காலையில் முந்தாநாள் இட்லி. மூன்றாம் நாள் மதியம் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்கு."

"இருவத்திரெண்டு வருசம் எனக்கு எறங்குச்சே" என்றாள் மாரீஸ்வரி.

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நெல்லையப்பன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

மறுநாள் காலையில் சைக்கிளுக்குப் பின்னால் மாரீஸ்வரியும் நடந்தாள். இட்லி எங்கே விற்கிறது என்று அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒரு பேங்க் வாசல், அரசமரம், ஆபீஸ் போகிறவர்களின் கூட்டம். சுஷ்மா வந்தபோது அவளே முன்னால் போய் நின்றாள். அவளுடைய இந்தி கடைகண்ணிக்கான இந்தி. அதை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இட்லி நான்தான் அவிக்கிறேன். நல்ல அரிசி, நல்ல உளுந்து. எனக்குச் சுகர். அதனால திங்கிறதில்ல. நான் காய் திங்கிறேன், மீன் திங்கிறேன். நீங்க எனக்காகத் திங்க வேண்டாம், உங்களுக்குப் பிடிச்சா வாங்குங்க. சந்தேகம்னா நாளைக்கு வீட்டுக்கு வாங்க, மாவு ஆட்டறதப் பாருங்க."

சிலர் கேட்டுக்கொண்டே நடந்து போய்விட்டார்கள். சுஷ்மா நாலு இட்லி வாங்கினாள். பேங்க் வாசலில் நின்ற வாட்ச்மேன் கிட்டே வந்து, தனக்கும் சுகர்தான், என்ன காய் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் காயைச் சொன்னாள். பத்து நாள் அப்படிப் போய் நின்றாள். வியாபாரம் முழுக்கத் திரும்பவில்லை. முந்நூறில் நின்றது. முந்நூறு அவிப்பது இடுப்புக்கும் நல்லதாயிருந்தது.

ஜூன் மாதம் மழை பிடித்தது. கடலுக்குப் படகு போவது நின்று, மீன் கிடைக்காமல் போயிற்று. வெந்தயக்கீரை அழுகி வந்தது. இனி என்ன செய்வாள் பார்ப்போம் என்று கோமதியம்மாள் சந்தில் சொன்னதாகக் காதுக்கு வந்தது. முழங்கால் தண்ணீரில் வந்தனாவைத் தேடிப் போனாள் மாரீஸ்வரி. வந்தனா நீல பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சாக்கில் இதுவரை காணாத பச்சைகள். முதல் மழைக்கு மலையடிவாரத்தில் தானாக முளைப்பது, விதைப்பவர் யாருமில்லை என்று ஒரு கீரையை நீட்டினாள். டாக்ளா என்றாள். மாரீஸ்வரி இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள்.

"இது தகரைல்லா! எங்க ஊர்ல ரோட்டோரம் கெடக்கும். யாரும் சீண்டமாட்டாவ."

"இங்கே சண்டை போட்டு வாங்குவாங்க" என்று வந்தனா இந்தியில் சொல்லிச் சிரித்தாள். இளம் இலையாகக் கிள்ளிக்கொள், பூண்டு நிறையப் போடு, கசக்கும் என்றாள். அடுத்த வாரம் பழுபாகல் வந்தது. குட்டி முள்ளம்பன்றி மாதிரி, உருண்டையாக, பச்சையாக. அதை வட்டமாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டுப் பொரித்தாள். கசப்பே இல்லை. முட்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி இருந்தது. மழை முடியும்வரை ஒரு நாள்கூட அவள் தட்டு காலியாக இருக்கவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம். நெல்லையப்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது மாரீஸ்வரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவர் வருவதற்குக் காத்திருப்பதில்லை. அவர் எதிரே உட்கார்ந்து அவள் தட்டை எட்டிப் பார்த்தார்.

"அது என்ன?"

"பழுபாகல்."

"நல்லா இருக்குமோ?"

"இருக்கும்."

"எனக்கும் கொஞ்சம் வையேன்."

மாரீஸ்வரி மென்று விழுங்கினாள். "இது எனக்கு அளந்து செஞ்சது. வந்தனாகிட்ட இன்னும் கெடக்கும். போயி வாங்கிட்டு வாங்க. வட்ட வட்டமா நறுக்கி வையுங்க, வெதைய எடுத்துராதீய. நான் சாப்பிட்டு எந்திரிச்சதும் பொரிச்சுத் தாரேன்."

நெல்லையப்பன் முணுமுணுத்துக்கொண்டே ஆணியில் தொங்கிய பையை எடுத்தார். வாசலில் நின்று, "எவ்வளவு வாங்க?" என்று கேட்டார்.

"கால் கிலோ" என்றாள் மாரீஸ்வரி, அடுத்த வாயை எடுத்தபடி.