காரில் வைத்த இன்சுலின்

நான் எதற்கும் பட்டியல் போடுபவள். மென்பொருள் சோதிப்பது என் வேலை. பட்டியலில் பிழை விடமாட்டேன் என்று ஒரு பெருமையும் இருந்தது.

போன பெப்ரவரிக் கடுங்குளிரில், நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி, அம்மாவையும் அப்பாவையும் ஒரு மாகாணப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். ஹீற்றர் உள்ள கூடாரத்தில் ஓரிரவு தங்கினோம். விலங்குகள் வரும் என்பதால் சாப்பாட்டைக் காரில்தான் பூட்ட வேண்டும். மாலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு அப்பாவின் இன்சுலின் பையையும் காரில் வைத்து, பட்டியலில் சரி போட்டேன்.

காலையில் காரைத் திறந்தபோது தண்ணீர்ப் போத்தல் கல்லாக உறைந்திருந்தது. உறைந்த இன்சுலின் உதவாது என்பது அப்போதுதான் உறைத்தது. பையையும் காணவில்லை. மருந்துக்கடைக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கூடாரத்துக்கு ஓடினேன்.

"அப்பா, உங்கட இன்சுலின்..."

அவர் தலையணைக்குப் பக்கத்திலிருந்த பையைக் காட்டினார். "நேற்றுப் பின்னேரமே எடுத்துக்கொண்டு வந்திட்டன் பிள்ளை. உது உறைஞ்சு போமெல்லே."

"நீங்கள் ஏன் காருக்குப் போனனீங்கள்?"

அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "பயத்தம் பணியாரம் ஒண்டு எடுக்க."

"ஒண்டோ? நாலைக் காணேல்லை!" என்றார் அம்மா.

இனிப்பைத் தொட்டால் அவரோடு சண்டை பிடிப்பவள் நான். அன்று அப்படியே அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது என் பட்டியலில் இன்சுலின் கட்டிலுக்குப் பக்கத்தில். பணியாரம் காரில்தான். கார்ச் சாவி எங்கே இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அந்த இடத்தை நான் மாற்றவில்லை.