வாடைக்காற்றுக்கு வாங்காத கைதட்டல்

பேத்தியின் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்தபோது எழுந்த வாசனையில், மாமல்லபுரத்தில் கடல் கொண்டுபோன எங்கள் பள்ளிக்கூடத்து ஓலைக் கொட்டகையும், முன்பெஞ்சு வசந்தாவின் எண்ணெய் மினுக்கும் ஜடையும் சேர்ந்தே வந்தன.

அளவு மட்டும் இருந்தால் ஸ்கேலார், திசையும் சேர்ந்தால் வெக்டார் என்று நடத்திவிட்டு, வெக்டாருக்கு உதாரணம் கேட்டார் சார்.

“வாடை சார்!” என்றேன். எங்கள் குப்பத்தில் காற்றின் பெயரிலேயே திசை இருக்கும். வாடை வடக்கிலிருந்து வருவது.

“பேரைச் சொல்றியே, வேகம் எவ்ளோடா?”

வகுப்பு சிரித்தது. அலையில் கால் நனைக்கவே பயப்படும் கோயில் தெரு வசந்தா எழுந்து, “வடக்கிலிருந்து மணிக்கு இருபது கிலோமீட்டர் சார்” என்றாள். கைதட்டல் அவளுக்கு.

“என் காத்த தூக்கினு பூட்டா பாரு மச்சான்” என்றேன் பக்கத்திலிருந்தவனிடம்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பொறாமையின் அளவு தேய்ந்துவிட்டது. திசை மட்டும் இன்னும் அந்த முன்பெஞ்சுதான்.