போர்டக்கா எழுதாமல் விட்ட கட்டம்

பதினோராம் வார்டு கவுன்சிலருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. வாக்குச்சீட்டில் ஒரு தடவை அச்சானதோடு அதன் கதை முடிந்தது. ஊருக்கு அவர் போர்டக்கா. அவரைவிடப் பத்து வயது பெரியவர்களும் போர்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டுக்காரரே ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் "போர்டக்கா, என் செருப்பு எங்கே?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க முறைப்பைச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பினார்.

தொழில் தையல். வார்டில் யாருக்கு இடுப்பு எத்தனை இஞ்ச் என்று தெரிந்த ஒரே கவுன்சிலர் உலகத்திலேயே இவர்தான் இருப்பார். தேர்தலில் யாரும் நிற்க முன்வராதபோது, "எல்லார் அளவும் உங்ககிட்டதானே இருக்கு, நீங்களே நில்லுங்க" என்று தள்ளிவிட்டார்கள். ஜெயித்தும் தொலைத்தார்.

கடை ஒரே அறை, ஒரே கதவு. பின்பக்கம் சுவர். ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பூனை போகலாம், அதுவும் சாப்பிடாத பூனை. கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரில் பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்றை மாட்டி, அதில் ஐந்து கட்டம் போட்டிருந்தார். தண்ணீர், கரண்ட், குப்பை, ரோடு, பாலம். தினமும் காலை ஏழு மணிக்கு, துணியில் கோடு போடுகிற தையல் சாக்குக்கட்டியை எடுத்து ஐந்திலும் எழுதிவிடுவார். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர், எங்கே கரண்ட் நிற்கும், குப்பை வண்டிக்கு என்ன வியாதி, எல்லாம் வந்துவிடும்.

அதில் ஒரு கறாரான பழக்கம். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. சொல்ல விஷயம் இல்லையென்றால் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவார். "ஒண்ணுமில்லைங்கிறதும் ஒரு தகவல்தான்" என்பார். பாலம் கட்டத்தில் மட்டும் மூன்று வருடமாக 'வரவில்லை' என்றே இருந்தது. அதையும் தினமும் அழித்து, திரும்பப் புதிதாக எழுதுவார். பழைய எழுத்தே இருந்தால் கவுன்சிலர் மறந்துவிட்டதாக ஜனங்கள் நினைப்பார்களாம்.

போர்டை வாசிக்க ஒரு ஆள் இருந்தார். எதிர் வீட்டு ரிட்டயர்டு தபால்காரர். ஊர் முழுக்க நடந்து தீர்த்த கால்கள் ஒரு விபத்தில் நின்றுபோக, சக்கர நாற்காலியில் ஏழு மணிக்கு போர்டுக்குக் கீழே ஆஜராகி, தந்தி வாசிக்கிற குரலில் ஐந்து கட்டத்தையும் சத்தமாகப் படிப்பார். படிக்கத் தெரியாதவர்களும், படிக்கத் தெரிந்தும் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தவர்களும், சும்மா அவர் குரலுக்காக வந்தவர்களும் சுற்றி நிற்பார்கள்.

வார்டின் ஓரத்தில் ஒரு கால்வாய். அதைத் தாண்ட இரண்டு பலகை போட்டிருந்தது. மனிதக் கால் போகும், சக்கரம் போகாது. தபால்காரரின் தம்பிக்கு வீடு அந்தக் கரையில். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இந்தக் கரையில் ஒரு செஸ் போர்டு, தம்பி அந்தக் கரையில் ஒரு செஸ் போர்டு வைத்துக்கொண்டு, கத்திக் கத்தி ஆடுவார்கள்.

"டேய், என் குதிரையை மூணாவது கட்டத்துல வை!"

"வச்சாச்சு அண்ணே!"

"வைக்கலடா, உன் கை அசையவே இல்லையே!"

தம்பி ஏமாற்றுகிறான் என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். போய்ப் பிடரியில் ஒன்று போட வழியில்லை. மூன்று வருடமாகத் தபால்காரருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். பாலம் வந்ததும் முதல் ஆளாக உருட்டிக்கொண்டு போய்த் தம்பியின் பிடரியில் ஒன்று போடவேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தலைவர் போர்டக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நகரசபைத் தலைவர் அறையில் ஃபேன் ஓடும், காற்று மட்டும் வராது. தண்ணீர் இஞ்சினீயர் ஒரு ஓரமாக, பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"உங்க வார்டு குழாய்த் தண்ணியை டெஸ்ட் பண்ணியிருக்காங்கம்மா. கொஞ்சம் சரியில்லையாம்."

"கொஞ்சம்னா?"

இஞ்சினீயர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாக்கடை லைன் எங்கேயோ கசிஞ்சு கலந்திருக்கு மேடம். கிருமி இருக்கு. பத்து நிமிஷம் கொதிக்கவச்சா ஒண்ணும் பண்ணாது. அப்படியே குடிச்சா வயித்தைப் புரட்டி எடுத்துடும். சின்னக் குழந்தைங்கன்னா..."

"ரெண்டாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை வருது" என்றார் தலைவர். "அதுவரைக்கும் உங்க போர்டுல மூச்சு விடக்கூடாது. பீதி கிளம்பும்."

"கொதிக்கவச்சு குடிங்கன்னு மட்டுமாவது..."

"ஏன் கொதிக்கவைக்கணும்னு கேப்பாங்க இல்ல?"

அவர் மிரட்டவெல்லாம் இல்லை. மிரட்டியிருந்தால் போர்டக்கா பதிலுக்கு இரண்டு வார்த்தை விட்டிருப்பார். தலைவர் ஒரு தாளை எடுத்து மேஜை மேல் மெதுவாக நகர்த்தினார். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கான பட்டியல். ஏழாவதாக இருந்தது: பதினோராம் வார்டு கால்வாய்ப் பாலம், ஒப்புதல்.

"மூணு வருஷமா கேக்குறீங்க. இந்தத் தடவை முடிச்சுடலாம்னு பார்க்குறேன்" என்று சிரித்தார். பல் மட்டும் சிரித்தது, முகம் அதில் கலந்துகொள்ளவில்லை.

போர்டக்கா அந்த ஏழாம் நம்பரைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அதன் மேல் ஒரு சக்கர நாற்காலி உருண்டு போனது. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டார். அந்த ஊரில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

புதன்கிழமை காலை ஏழு மணி. கரண்டில் 'ஒன்றுமில்லை'. குப்பை, 'வண்டி வரும், நேரம் வண்டிக்கே தெரியாது'. ரோடு, 'பள்ளிக்கூட முனையில் குழி, பார்த்துப் போகவும்'. பாலம், 'வரவில்லை'. தண்ணீர் கட்டத்துக்கு வந்ததும் சாக்கு அந்தரத்தில் நின்றது. 'ஒன்றுமில்லை' என்று எழுதக் கை வரவில்லை. அது பச்சைப் பொய். உண்மையை எழுதினால் பாலம் போச்சு. கிணற்றுக்குள் இறங்கின பிறகு ஏணியை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. கடைசியில் எதையுமே எழுதாமல் உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்துகொண்டார். பொய்யும் சொல்லவில்லை, தலைவர் பேச்சையும் மீறவில்லை. ரொம்ப புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாக நினைப்பு.

வெளியே தபால்காரர் குரல் கேட்டது. "தண்ணீர்..." அப்புறம், "தண்ணீர், காலி."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நடந்துபோகிற சத்தம். ஓடுகிற சத்தம் என்றும் சொல்லலாம்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். பேக்கரியில் விடியற்காலை வேலை. புருவத்தில்கூட மாவு இருக்கும். உள்ளே வந்ததும் கடையில் இருந்த ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வாய்க்குக் கொண்டுபோனார். போர்டக்கா பாய்ந்து தட்டிவிட்டார். டம்ளர் உருண்டு மெஷினுக்குக் கீழே போய் நின்றது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா போர்டுல எழுத வேண்டியதுதானே. அங்க காலியா கிடக்கு."

வீட்டுக்காரர் சட்டையில் சிந்தின தண்ணீரைப் பார்த்தார், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். மாவு பிசைகிற ஆள், பேசாமலேயே புரிந்துகொள்கிற பழக்கம் உண்டு.

"எனக்கு மட்டும் தட்டிவிட்டா போதுமா?" என்று கேட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தைத்த சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வந்தது.

பன்னிரண்டு மணிக்கு லாண்டரிக்காரப் பெண் உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது, முழங்கை வரை ஈரம், முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"அக்கா, உங்களுக்கு நூறு ஆயுசு! வீட்டுல ஒரு பாத்திரம் பாக்கி இல்ல. வாளி, பானை, பூந்தொட்டி எல்லாம் ரொப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி குளிக்கிற தொட்டியை ரொப்பிட்டா. குழந்தையோட பால் பாட்டில் ஆறையும் கூட ரொப்பி வரிசையா வச்சிருக்கேன்!"

"எதுக்கு ரொப்புனீங்க?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே தண்ணிக் கட்டத்தைக் காலியா விட்டீங்க! ரெண்டு வருஷம் முன்ன காலியா விட்டீங்களே, அப்புறம் நாலு நாள் சொட்டுத் தண்ணி வரலையே! இந்தத் தடவை நாங்க உஷாரு!"

போர்டக்கா அதை மறந்தே போயிருந்தார். இரண்டு வருடம் முன்பு மெயின் குழாய் வெடித்த காலையில், எழுத ஆரம்பிக்கும்போதே ஆள் வந்து கூப்பிட, சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார். அன்று ஒரு நாள்தான் தண்ணீர் கட்டம் காலியாக இருந்தது. அவருக்கு அது அவசரத்தில் விட்டது. வார்டுக்கு அது பஞ்சத்தின் அறிவிப்பு. நாலு நாள் நாக்கு வறண்ட ஜனங்கள் அதைச் சட்டமாகவே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்கள்.

இப்போது வார்டு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் பொக்கிஷம் மாதிரி மூடிபோட்டு வைத்திருக்கிறார்கள். பூந்தொட்டியில். பால் பாட்டிலில்.

"அந்தப் பாட்டில்ல குழந்தைக்குக் கொடுத்துட்டியா?"

"இன்னும் இல்லக்கா. தூங்குறான். எழுந்ததும்..."

"கொடுக்காதே. ஓடு. எல்லாத்தையும் கீழே கொட்டு. பாட்டிலைக் கொதிக்கிற தண்ணியில போடு."

லாண்டரிப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலேயே ஓடினாள். குழந்தை விஷயத்தில் காரணம் கேட்டுக்கொண்டு நிற்கிற அம்மா இல்லை அவள்.

போர்டக்கா தையல் சாக்கை எடுத்தார். வெளியே போனால் எழுதவேண்டும். போகாமல் இருக்கக் கடைக்கு வேறு கதவு இல்லை. ஜன்னலை ஒருமுறை பார்க்கவும் செய்தார், அவ்வளவு கேவலமான நிலைமை. வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமல் சொன்னார், "கையைப் பார்த்து எழுது. நடுங்குனா எழுத்து புரியாது."

வெளியே வந்து, பெரிய எழுத்தில், கட்டத்தை மீறி எழுதினார்: 'தண்ணீரில் சாக்கடை கலந்துள்ளது. கொதிக்கவைக்காமல் குடிக்கவேண்டாம். பிடித்து வைத்ததையும் குடிக்கவேண்டாம்.' சாக்கு ஒடிந்தது. ஒடிந்த துண்டைக் குனிந்து எடுத்து இன்னொன்றும் எழுதினார்: 'நேற்றே எனக்குத் தெரியும்.'

பகலில் போர்டு எழுதுவது வழக்கமே இல்லை. தபால்காரர் சாப்பாட்டுக் கையோடு உருட்டிக்கொண்டு வந்தார். வாசித்தார். குரல் தெருமுனை வரை போனது. கடைசி வரி வந்ததும் தந்திக் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் விடாமல் படித்தார்.

கால் மணி நேரத்தில் தெரு நிறைந்துவிட்டது.

"நேத்தே தெரியுமா? நேத்து ராத்திரி என் பொண்ணு மூணு டம்ளர் குடிச்சா!"

"உங்களுக்கு ஓட்டுப் போட்ட கையை..."

"இவங்க வீட்டுல கொதிக்கவச்சிருப்பாங்க, கேட்டுப் பாரு!"

அந்தக் கடைசிப் பேச்சுதான் கழுத்தைப் பிடித்தது. டம்ளர் இன்னும் மெஷினுக்குக் கீழேதான் கிடந்தது. போர்டக்கா போர்டில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார். உள்ளே போனாலும் மாட்டிக்கொள்ளவேண்டும், வெளியே நின்றாலும் மாட்டிக்கொள்ளவேண்டும். இடையில் இருந்த ஒரு அடி இடம்தான் அவருக்கு மிச்சம். முதுகுச் சட்டையில் 'குடிக்கவேண்டாம்' இடம்வலம் மாறி ஒட்டிக்கொண்டது.

திட்டிக்கொண்டேதான் போனார்கள். ஆனால் போய்க் கொட்டினார்கள். அன்று மத்தியானம் வார்டுத் தெருக்களில் தண்ணீர் அத்தனை தாராளமாக ஓடியது, ஆறு வழி தவறி வந்துவிட்டதோ என்று தோன்றும். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேருக்கு வயிறு கெட்டது. பெரிய ஆபத்து யாருக்கும் இல்லை. லாண்டரிக்காரப் பெண்ணின் குழந்தை தூங்கி எழுந்து, வழக்கம்போல் பக்கத்துத் தெரு வரை கேட்க அழுதான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆறாவது விஷயம் முடிந்ததும் தலைவர் எட்டாவதைப் படித்தார். போர்டக்கா எழுந்து, "ஏழு?" என்று கேட்டார்.

"அது இன்னும் கொஞ்சம் பரிசீலனையில இருக்கும்மா" என்றார் தலைவர். "அவசரப்பட்டு எதையும் பண்ணக்கூடாது பாருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் சொன்னார்.

"கொடு" என்றார் வீட்டுக்காரர். "நாளைக்கு ஏழு மணிக்கு அந்தத் தபால்காரக் கிழவர் வந்தா நான் என்ன சொல்ல? போர்டு லீவுன்னா?"

சனிக்கிழமை ஏழு மணி. தண்ணீர், 'இரண்டாவது டெஸ்டிலும் கிருமி, இன்னும் கொதிக்கவைக்கவும்'. கரண்ட், குப்பை, ரோடு, எல்லாம் எழுதினார். பாலம் கட்டத்தை அழித்துவிட்டு 'வரவில்லை' என்று புதிதாக எழுதினார். நின்றார். பக்கத்தில் சின்னதாக 'என்னால்' என்று சேர்த்துவிட்டு, திரும்பாமல் உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டார். மிதிக்கவில்லை.

வெளியே கூட்டம் முன்பைவிடக் குறைவு. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நின்றார்கள் என்பதுதான் விஷயம். தபால்காரர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"பாலம்." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வரவில்லை."

"அதுக்குப் பக்கத்துல ஏதோ இருக்கே?" என்றார் யாரோ.

"தெரியல. கண்ணாடி சரியில்ல" என்றார் தபால்காரர். கண்ணாடி போன வாரம்தான் மாற்றினது. அதைத் துடைக்கிற சாக்கில் சட்டைக் கையை நீட்டி, எட்டின வரைக்கும் அந்தச் சின்ன எழுத்தையும் துடைத்தார். பாதிதான் எட்டியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கால்வாய்ப் பக்கம் கத்துவது கடைக்குள்ளிருந்தே போர்டக்காவுக்குக் கேட்டது.

"டேய், என் யானையை எங்கடா காணோம்?"

"அங்கதான் அண்ணே இருக்கு!"

"அங்க இல்லடா! நான் வர்றேன் இரு, வந்தேன்னா தெரியும் சேதி!"