முழுக்கை போட மாட்டாள்

முப்பத்தெட்டு வயதில் பதினாறு வருடம் அவளுக்குப் பியூட்டி பார்லரின் முன் நாற்காலிக்குப் பின்னால் நின்றே கழிந்திருந்தது. கைக்கும் வாய்க்கும் ஒரே வேகம் என்பதால் கடையில் அவளுக்கு ‘மின்னல்’ என்று பெயர். அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

முதலில் முழங்கையில் காசளவு சிவப்புத் தடிப்பு, மேலே வெள்ளைச் செதில். சோரியாசிஸ். செத்த தோலைத் தேய்த்தெடுப்பது அவள் தொழில். ஊருக்குச் செய்வதைத் தனக்குச் செய்யாமல் விடுவாளா? குதிகால் தேய்க்கும் கல்லை எடுத்துத் தினமும் தேய்த்தாள். காசு உள்ளங்கையாக விரிந்தது. கல் பட்ட இடமெல்லாம் புதிதாக ஒன்று கிளம்பியது.

“முதல்ல அந்தக் கல்லைத் தூக்கிப் போடுங்கம்மா,” என்றார் தோல் டாக்டர். “கிருமியை அடிக்கத்தான் உடம்புல காவல் செல்லுங்க இருக்கு. உங்களுக்கு அது எதிரியே இல்லாம சண்டை போடுது. அந்தக் கலவரத்துல தோலு அவசர அவசரமா வளர்ந்து குவியுது. நீங்க தேய்ச்சுப் புண்ணாக்கினா இன்னும் கூட்டம் ஓடி வருது.”

“சண்டை ஓஞ்சா போயிடுமா டாக்டர்?”

“தோலு தெளியும். ஆனா சில செல்லு அங்கேயே தங்கிடும், பழைய பகையை மறக்காம. அதான் அதே இடத்துல திரும்பத் திரும்ப வருது.”

“எங்க நாத்தனார் மாதிரின்னு சொல்லுங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். “ஊசி இருக்கு, அடக்கி வைக்கலாம். யாருக்கும் ஒட்டாது.”

மறுநாள் கடையில் முதலாளியம்மா ஒரு சட்டையை நீட்டினார். “முழுக்கை. இதைப் போட்டுக்கோ. இல்லேன்னா பின்னாடி போய்த் துண்டு துவை. பாக்குறவங்க முகம் சுளிக்கிறாங்க.”

“தலை அலசுற வேலை மேடம். ஈரத்துணி உரசினா இன்னும் நாலு இடத்துல கிளம்பும். போட மாட்டேன். துவைக்கவும் போக மாட்டேன்.”

“ஒட்டிக்கும்னு யாராச்சும் சொன்னா?”

“ஒட்டுறதா இருந்தா முதல்ல உங்களுக்குல்ல ஒட்டியிருக்கணும்? உங்க தலைக்கு டை அடிக்கிறது யாரு?”

தலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். முதலாளியம்மாவின் கை தானாகக் கூந்தலுக்குப் போனது.

“உனக்கு வாய் ஜாஸ்தி.”

“தோலும்தான் மேடம்.”

காத்திருந்தவர்களில் ஒருத்தி அந்த முழங்கையைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மின்னல் நாற்காலியைத் துடைத்து, “அடுத்தது யாரு, அக்கா?” என்றாள். இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். முதலாளியம்மா சட்டையை மடித்து உள்ளே கொண்டுபோனார்.

திங்கட்கிழமை காலை முதல் ஊசி. மதியத்துக்கு மேல் முன் நாற்காலியில் மூன்று பேருக்கு நேரம் கொடுத்திருக்கிறாள்.